தோல் துண்டில் மூப்படைந்த செல்லை அடையாளம் காண்பது எப்படி

எங்கள் திசு ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் கேட்பது, "மேடம், எந்த ஸ்டெயின் போட்டால் மூப்படைந்த செல் தெரியும்?" என்பதுதான். அப்படி ஒரே ஒரு ஸ்டெயின் இன்றுவரை கிடையாது. இருக்கிற ஒவ்வொன்றும் பாதி உண்மையைத்தான் சொல்லும். எந்தப் பாதி என்று தெரிந்து வைத்துக்கொண்டால் வேலை நடக்கும். மனிதத் தோல் பயாப்சியை வைத்து நான் செய்கிற முறையை இங்கே எழுதுகிறேன். கல்லீரல், கொழுப்பு, சிறுநீரகம் என்று வேறு திசுவை எடுப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். எந்த செல் ஏமாற்றும் என்பது மட்டும் திசுவுக்குத் திசு மாறும்.

மூப்படைந்த செல் என்று நாம் சொல்வது, பிரிவதை நிரந்தரமாக நிறுத்திவிட்டு, சாகாமலும் இருக்கிற செல். 1961இல் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள விஸ்டார் நிறுவனத்தில், இணைப்புத் திசுவை உருவாக்கும் மனித ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வளர்ப்புத் தட்டில் ஏறத்தாழ ஐம்பது முறை பெருகியபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். நின்ற பிறகும் அவை உயிரோடுதான் இருக்கும். ஊட்டம் எடுக்கும், அக்கம்பக்கத்தைத் தூண்டும் அழற்சிப் பொருள்களைச் சுரக்கும். வயதான மனிதரின் செல்லும் மூப்படைந்த செல்லும் ஒன்றல்ல. எண்பது வயதுக்காரரின் தோலிலும் பெரும்பாலான செல்கள் இந்த நிலையில் இருப்பதில்லை. இருபது வயதுக்காரரின் மச்சத்திலோ நிறைய இருக்கும்.

தட்டில் வளரும் செல்லை நாள் கணக்கில் பார்த்து, பிரிகிறதா இல்லையா என்று நேரடியாகச் சொல்லிவிடலாம். திசுத் துண்டில் அது முடியாது. ஒரு போட்டோவைப் பார்த்து, அதில் இருப்பவர் சற்று நேரம் நின்றாரா, இனி நடக்கவே மாட்டாரா என்று சொல்வது போன்ற வேலை இது. "நிரந்தரமாக நின்றுவிட்டது" என்பதை நாம் பார்ப்பதில்லை, தடயங்களை வைத்து ஊகிக்கிறோம். ஆகவே ஒரு தடயத்தை நம்பி முடிவு சொல்லக் கூடாது. என் மாணவர்களிடம் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது.

பயாப்சிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

நெறிமுறைக் குழுவின் அனுமதியும், தோல் கொடுப்பவரின் எழுத்துச் சம்மதமும் முதலில். அப்புறம் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பது. வெயில் படாத மேற்கையின் உட்புறத்தை நான் விரும்புவேன். முன்கையின் வெளிப்புறமோ முகமோ என்றால் வயதின் விளைவோடு வெயிலின் விளைவும் கலந்துவிடும். இரண்டு பேரை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இருவரிடமும் ஒரே இடம். வயது, நோய்கள், சாப்பிடும் மருந்துகள், அந்த இடத்தில் பழைய காயம் உண்டா என்பதையெல்லாம் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். ஆறிவரும் புண்ணில் மூப்படைந்த செல்கள் கொஞ்ச காலம் தோன்றி, புண் மூட உதவுகின்றன என்று எலிகளில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே புண் ஓரத்தில் அவற்றைப் பார்த்ததும் கெடுதல் என்று எழுதிவிட முடியாது.

துண்டு வந்ததும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். 4 மி.மீ. பஞ்ச் பயாப்சி என்றால் நெடுக்கில் பாதியாக வெட்டுங்கள். மேல்தோலும் உள்தோலும் இரண்டு பாதியிலும் இருக்க வேண்டும். ஒரு பாதி ஓசிடி கூழில் வைத்து உடனே உறைய வைக்க, மறு பாதி 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போட. இதைத் தவறவிட்டால் திரும்ப வழியில்லை. அடுத்து சொல்லப்போகும் நீல ஸ்டெயினுக்கு செல்லிலுள்ள ஒரு நொதி வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும், ஃபார்மலினில் ஊறி பாரஃபின் மெழுகில் பதித்த துண்டில் (அதைத்தான் பிளாக் என்போம்) அது செத்திருக்கும். "பழைய பிளாக் இருக்கிறது, அதில் நீலம் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: முடியாது, ஆனால் அந்த பிளாக்கில் செய்யக்கூடிய மற்ற சோதனைகள் இருக்கின்றன.

நீல ஸ்டெயின்

1995இல் ஜூடித் காம்பிசியின் குழு, கலிஃபோர்னியாவில் பெர்க்லி ஆய்வகத்திலிருந்து இதை வெளியிட்டது. பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி எல்லா செல்லிலும் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமில் இருக்கிறது. அதற்கு உகந்த பிஎச் 4 அளவில். பிஎச் 6க்குக் கொண்டுபோனால் சாதாரண செல்லில் அதன் வேகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். மூப்படைந்த செல்லில் லைசோசோம் பெருத்து நொதியும் மிகுந்திருப்பதால் பிஎச் 6இலும் நீலம் விழும். ஆக, இந்த நீலம் சொல்வது "லைசோசோம் மிகுதி" என்பதை மட்டும். 2006இல் இந்த நீலத்துக்குக் காரணம் சாதாரண லைசோசோம் நொதியேதான் என்று உறுதியானது. அந்த நொதியைத் தரும் மரபணு வேலை செய்யாத செல்கள் மூப்படையத்தான் செய்கின்றன, ஆனால் நீலமாவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது.

உறைந்த துண்டைச் சீவும் கருவியான கிரையோஸ்டாட்டில் 8 மைக்ரான் அளவில் வெட்டுங்கள். சென்னை ஈரப்பதத்தில் கிரையோஸ்டாட்டுக்குள் பனி படிந்து செக்ஷன் (வெட்டிய மெல்லிய சீவல்) சுருளும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாதீர்கள், பிரஷ்ஷையும் உள்ளேயே குளிர வையுங்கள். வெட்டிய அன்றே ஸ்டெயின் போடுவது நல்லது, நாள் போகப் போக நொதியின் வேகம் இறங்கும். 2 சதவீத ஃபார்மால்டிஹைடும் 0.2 சதவீத குளுட்டரால்டிஹைடும் கலந்த கரைசலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் நிலைப்படுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிறகு பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவுங்கள்.

ஸ்டெயின் கரைசலில் இருக்க வேண்டியவை: எக்ஸ்-கேல் (நொதி உடைத்தால் நீலம் தரும் பொருள்) மி.லி.க்கு 1 மி.கி., சிட்ரிக் அமிலம்-சோடியம் பாஸ்ஃபேட் பஃபர் 40 மில்லிமோலார், பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஃபெரிசயனைடும் தலா 5 மில்லிமோலார், சோடியம் குளோரைடு 150 மில்லிமோலார், மெக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார். எக்ஸ்-கேலை டைமெத்தில்ஃபார்மமைடில் கரைத்து வைப்போம். அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பதால் கண்ணாடி அல்லது பாலிப்ரொப்பிலீன் குழாய் வேண்டும், வெளிச்சம் படக் கூடாது.

பிஎச்தான் இங்கே எல்லாம். 6.0 என்றால் 6.0. பஃபரைச் செய்த அன்றே, மீட்டரைச் சரிபார்த்துவிட்டு அளவிடுங்கள். 5.5க்கு இறங்கினால் ஒன்றுமில்லாத செல்லும் நீலமாகும், 6.5க்கு ஏறினால் இருப்பதும் காணாமல் போகும். செல் வளர்க்கும் இன்குபேட்டரில் இந்த ஸ்லைடுகளை வைக்கவே வைக்காதீர்கள். அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைசலில் கலந்து பிஎச்சை இறக்கிவிடும். வெறும் 37 டிகிரி அடுப்பு போதும். ஈரத்துணி போட்ட மூடிய டப்பாவில், இருட்டில், 12 முதல் 16 மணி நேரம். காய்ந்தால் உப்புப் படிகம் விழும். காலையில் கழுவி, இயோசின் அல்லது நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட் போடுங்கள். ஹீமடாக்சிலின் வேண்டாம், நீலத்தின் மேல் நீலம் போட்டு என்ன பயன்.

கூடவே மூன்று ஸ்லைடுகள் போக வேண்டும். ஒன்று பிஎச் 4இல்: அது முழுக்க நீலமாக வேண்டும், அப்போதுதான் நொதி உயிரோடு இருக்கிறது என்று பொருள். இன்னொன்று எக்ஸ்-கேல் இல்லாமல். மூன்றாவது இளம் வயதினரின் அதே இடத்துத் தோல். பிஎச் 4 ஸ்லைடு வெளிறிப் போயிருந்தால் அன்றைய நெகட்டிவ் எதையும் நான் நம்ப மாட்டேன்.

இனி, யார் ஏமாற்றுகிறார்கள் என்று பார்ப்போம். முடிவேரின் உறை, வியர்வைச் சுரப்பியின் உட்குழல் ஆகியவை வயதோடு தொடர்பில்லாமல் நீலமாகும் என்பது 1995 கட்டுரையிலேயே இருக்கிறது. கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் லைசோசோம் நிறைந்த செல், எப்போதும் சந்தேகப்பட வேண்டிய ஆள். சூழலைப் பொறுத்து அது மூப்பின் இன்னொரு தடயமான பி16 புரதத்தையும் சேர்த்தே காட்டும், ஆகவே இரண்டு தடயம் சேர்ந்துவிட்டது என்று மகிழ்ந்துவிட முடியாது. மேக்ரோஃபேஜின் புரதங்களில் ஒட்டும் சிடி68 அல்லது சிடி163 ஆன்டிபாடியை வைத்து அதைக் கண்டுபிடித்து ஒதுக்குங்கள். எலும்பில் வேலை செய்பவர்களுக்கு எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல் இதே தொல்லையைக் கொடுக்கும்.

பாரஃபின் பாதி: பி16, நம் ஊர்த் தோலில்

பி16 புரதம் சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகளைத் தடுத்து, பிரிவுக்குத் தடையாக நிற்கும் ஆர்பி புரதத்தைப் பூட்டிய நிலையிலேயே வைக்கிறது. அதனால் செல் பிரிவுக்குள் நுழைவதில்லை. நோயியல் துறைகள் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் பயன்படுத்தும் இ6எச்4 ஆன்டிபாடியே இங்கும் போதும். 4 மைக்ரான் செக்ஷன், பிஎச் 9 பஃபரில் சூடாக்கி ஆன்டிஜனை (ஆன்டிபாடி ஒட்டும் புரதத்தை) வெளிக்கொணர்வது, பிறகு வழக்கமான முறை. வித்தியாசம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. கருப்பைவாய் ஸ்லைடில் பட்டை பட்டையாகப் பழுப்பு நிறைந்திருக்கும். ஆரோக்கியமான தோலிலோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கும். தோல் செக்ஷன் முழுக்கப் பாசிட்டிவ் ஆகிவிட்டால் ஆன்டிபாடியின் செறிவை மறுபடி பாருங்கள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் பிளாக்கை பாசிட்டிவ் கண்ட்ரோலாகப் போடும் வழக்கம் உண்டு. ஆன்டிபாடி வேலை செய்கிறது என்பதை மட்டுமே அது நிரூபிக்கும். அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் ஈ7 புரதம் ஆர்பியை உடைத்துவிடுவதால் அந்தச் செல்களில் பி16 ஏறுகிறது. பி16 கொட்டிக் கிடக்கும், செல் விடாமல் பிரிந்துகொண்டே இருக்கும். மூப்புக்கு நேர் எதிர் நிலை. அதனால் நான் சாதாரண மச்சத்தையும் ஒரு கண்ட்ரோலாகப் போடுகிறேன். பல மச்சங்களில் பிராஃப் மரபணுவின் வி600ஈ மாற்றம் இருக்கும். அது நிறமி செய்யும் மெலனோசைட்டை முதலில் பெருக்கி, பிறகு நிறுத்திவிடுகிறது. மச்சத்தில் பி16 எல்லா செல்லிலும் ஒரே மாதிரி விழாமல் திட்டுத் திட்டாக விழும் என்று 2005இல் நெதர்லாந்துக் குழு ஒன்று காட்டியது. உங்கள் ஸ்லைடிலும் அந்தத் திட்டு வந்தால் ஸ்டெயின் சரியாக இருக்கிறது.

அடுத்த விஷயத்தை வெளிநாட்டுச் செய்முறைத் தாள்களில் பெரும்பாலும் பார்க்க முடியாது, நமக்கோ முதல் நாளே முட்டும். ஆன்டிபாடி நிறத்துக்கு வழக்கமாகப் போடும் டிஏபி பழுப்பு. நம் தோலின் அடிவரிசை முழுக்க மெலனின், அதுவும் பழுப்பு. எது பி16, எது பிறவி நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது. மேல்தோலில் வயதோடு சேரும் பி16 செல்களில் பெரும்பாலானவை மெலனோசைட்டுகள் என்பதால், தேடுகிற செல்லும் மறைக்கிற நிறமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. என் தீர்வு சிவப்பு நிறமி. ஏஇசி போடலாம், ஆனால் அது ஆல்கஹாலில் கரையும், நீர் சார்ந்த பசையில்தான் கவர்ஸ்லிப் ஒட்ட வேண்டும். டிஏபிதான் கையில் இருக்கிறது என்றால் ஹீமடாக்சிலினுக்குப் பதில் ஜீம்சா சாயம் போடுங்கள். மெலனின் பச்சை கலந்த நீலமாக மாறும், டிஏபி பழுப்பாகவே நிற்கும். மெலனினை வெளுக்க வைக்கும் முறைகளும் உண்டு. அவை ஆன்டிஜனையும் தின்றுவிடக்கூடும் என்பதால் நான் தவிர்க்கிறேன். ஆன்டிபாடி போடாத வெறும் செக்ஷன் ஒன்றை ஒவ்வொரு நபருக்கும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிறத் தோலில் இதைச் செய்யாமல் வந்த எண்ணிக்கையை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

பிரிவுச் சுழற்சியில் உள்ள செல்லில் இருக்கும் கி-67 புரதத்தை பி16உடன் ஒரே செக்ஷனில் இரட்டை ஸ்டெயினாகப் போடுங்கள். பக்கத்து செக்ஷனில் போட்டால், 4 மைக்ரான் தள்ளி அதே நியூக்ளியஸ் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டும் பாசிட்டிவ் என்றால் அந்த செல் பிரிவுச் சுழற்சியில் இருக்கிறது, பட்டியலிலிருந்து தூக்கிவிடுங்கள். கி-67 நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, உள்தோலில் பெரும்பாலான செல்கள் சும்மா ஓய்வில் இருப்பவைதான்.

பிரிவைத் தடுக்கும் இன்னொரு புரதமான பி21 பற்றிச் சுருக்கமாக: மூப்பின் தொடக்கத்தில் அது ஏறும். வெயிலில் டிஎன்ஏ அடிபட்டு, சரிசெய்துகொள்ளத் தற்காலிகமாக நின்ற செல்லிலும் ஏறும். துணைத் தடயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லாமையைப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை லாமின் பி1. நியூக்ளியஸின் உள்சுவரில் இருக்கும் புரதம் அது, நல்ல செல்லில் மெல்லிய வளையமாகத் தெரியும். மூப்படையும்போது அது குறைந்துவிடும். 2012இல் காம்பிசி குழுவே இதையும் விவரித்தது. பி16 பாசிட்டிவ் செல்லைச் சுற்றி அண்டை செல்களின் வளையங்கள் பளிச்சென்று இருந்து, அது மட்டும் மங்கியிருந்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது. அண்டை செல் என்றால் அதே அடுக்கில், அதே வகையில். அடிவரிசைச் செல்லையும் மேலே உதிரப்போகும் செல்லையும் ஒப்பிடக் கூடாது. சுற்றிலும் எல்லா வளையமும் மங்கல் என்றால் ஸ்டெயின் கோளாறு.

டிஎன்ஏ காயத்துக்கு, உடைந்த இடத்தில் கூடும் காமா-எச்2ஏஎக்ஸ் அல்லது 53பிபி1 புரதப் புள்ளிகளைப் பார்க்கலாம். அந்தப் புள்ளி குரோமோசோமின் நுனியான டெலோமியரின் மேலேயே உட்கார்ந்திருந்தால் தடயத்தின் எடை கூடும், ஏனென்றால் அங்கே ஏற்பட்ட காயம் எளிதில் ஆறுவதில்லை. அதற்குக் கான்ஃபோகல் நுண்ணோக்கியும் பொறுமையும் வேண்டும். இல்லாதவர்கள் வருந்த வேண்டாம், பி16, கி-67, லாமின் பி1 மூன்றும் சேர்ந்தாலே நிறைய சொல்லலாம்.

பழைய பிளாக் மட்டும் இருப்பவர்களுக்கு லிப்போஃபஸ்கின் ஒரு வழி. செரிக்க முடியாமல் லைசோசோமில் தங்கிப்போன கழிவு அது, ஃபார்மலினும் பாரஃபினும் அதைக் கரைப்பதில்லை. சூடான் பிளாக் பி போட்டால் கருநீலத் துகள்களாகத் தெரியும். ஏதென்ஸில் வாசிலிஸ் கோர்கூலிஸ் குழு இந்தச் சாயத்தோடு பயோட்டினை இணைத்து, ஆன்டிபாடி முறையில் காட்டும்படி மாற்றி 2017இல் வெளியிட்டது. வெறும் சாயத்தைவிட அது பார்ப்பதற்குச் சுலபம். நரம்பு செல், இதயத் தசை செல் இவற்றில் லிப்போஃபஸ்கின் வயதோடு தானாகச் சேரும், அங்கே இந்தச் சோதனையின் மதிப்பு குறைவு. இன்னொன்று: லிப்போஃபஸ்கின் தானே ஒளிரும், அதுவும் பல நிறங்களில். ஒளிரும் ஆன்டிபாடி போடுபவர்கள் அந்த ஒளியைப் பாசிட்டிவ் என்று எண்ணிவிடுவார்கள். ஸ்டெயின் போடாத செக்ஷனை எல்லா ஃபில்ட்டரிலும் ஒருமுறை பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இன்டர்லூக்கின்-6 போன்ற சுரப்புப் பொருள்களை வைத்து ஒரு செல்லைச் சுட்டிக்காட்டுவது கடினம். சுரந்தது வெளியே போய்விடும், அழற்சி இருக்கிற எந்தத் திசுவிலும் அது இருக்கும்.

சேர்த்துப் பார்ப்பதும் எண்ணுவதும்

2019இல் இந்தத் துறையின் ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து ஒரு வரிசையை முன்வைத்தார்கள். முதலில் நீல ஸ்டெயின் அல்லது லிப்போஃபஸ்கின், அடுத்து பி16, பி21, பிரிவின்மை, லாமின் பி1 இழப்பு, கடைசியாக டிஎன்ஏ காயம், சுரப்பு போன்றவை. நான் அதைத் தழுவித்தான் செய்கிறேன். ஆனால் நுண்ணோக்கியில் உட்காரும்போது அதற்கும் முன்னால் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இந்த செல் யார்? மெலனோசைட்டா, கெரட்டினோசைட்டா, ஃபைப்ரோபிளாஸ்ட்டா, மேக்ரோஃபேஜா? 4எக்ஸில் முடிவேர், சுரப்பி, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் குறித்துவிட்டு, 40எக்ஸில் செல்லுக்குப் போங்கள். யார் என்று தெரியாத செல்லின் நிறத்தை நான் எண்ணுவதில்லை.

மேல்தோலில் நீளத்துக்கு இத்தனை என்று எண்ணுங்கள், உள்தோலில் பரப்புக்கு இத்தனை என்று. "ஒரு ஃபீல்டுக்கு" என்று எழுதினால் வேறு நுண்ணோக்கி வைத்திருப்பவருக்கு அது பயன்படாது. எண்ணுபவருக்கு ஸ்லைடு யாருடையது என்று தெரியக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுங்கள். நெதர்லாந்தின் லெய்டன் நீண்ட ஆயுள் ஆய்வில் மேற்கை உட்புறத் தோலை இப்படித்தான் எண்ணி, நீண்ட ஆயுள் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர்களுடைய துணைவர்களைவிட பி16 செல்கள் குறைவு என்று கண்டார்கள். வித்தியாசம் சில செல்கள்தான். அவ்வளவு நுணுக்கமான இடத்தில் ஒரு வியர்வைக் குழலைத் தவறாக எண்ணினாலும் முடிவு புரண்டுவிடும்.

ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், இந்த எண்ணிக்கையை வைத்து இப்போது மனிதர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள். 2019இல் நீரிழிவால் சிறுநீரகம் பாதித்த 9 பேருக்கு, ரத்தப் புற்றுநோய் மருந்தான டாசாட்டினிப்பையும், தாவரங்களில் உள்ள குவெர்செட்டினையும் மூன்று நாள் கொடுத்து, 11 நாள் கழித்துக் கொழுப்புத் திசுவில் பி16, பி21, நீல ஸ்டெயின் செல்கள் குறைந்ததாக அறிவித்தார்கள். சின்ன ஆய்வு, ஒப்பீட்டுக் குழு கிடையாது, ஆனாலும் பலரும் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். கொழுப்புத் திசுவில் மேக்ரோஃபேஜ் எவ்வளவு என்று தெரிந்த யாரும் அந்த நீலத்தை இரண்டு முறை பார்ப்பார்கள்.

அறிக்கையில் "மூப்படைந்த செல் 12 சதவீதம்" என்று எழுதாதீர்கள். "பி16 பாசிட்டிவ், கி-67 நெகட்டிவ், லாமின் பி1 குறைந்த மெலனோசைட், மேல்தோல் நீளம் 1 மி.மீ.க்கு இத்தனை" என்று எழுதுங்கள். எந்த ஆன்டிபாடி, எந்த செறிவு, எவ்வளவு நேரம், எந்த உடற்பகுதி, எந்தெந்த அமைப்பை ஒதுக்கினீர்கள் என்பதும் இருக்கட்டும். 2024இல் வந்த வழிகாட்டுதல்களும் இப்படி முழுமையாக எழுதத்தான் சொல்கின்றன. பிளாக்கை வெட்டும்போதே அடுத்தடுத்த செக்ஷன்கள் சிலவற்றை வரிசை எண் போட்டு எடுத்து, 4 டிகிரியில் வையுங்கள். கட்டுரையைப் படித்தவர் இன்னொரு மார்க்கர் கேட்பார், அப்போது அதே இடம் கையில் இருக்க வேண்டும். ரொம்ப நாள் கிடந்த செக்ஷனில் ஆன்டிஜன் மங்கிவிடும் என்பதால், மாதக்கணக்கில் தள்ளிப்போனால் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.